ஜோர்டான் மாணவரும் இணையவழித் தேர்வும்: தன்னம்பிக்கை எங்கே உடைகிறது, கவனம் எங்கே சிதறுகிறது

2020 மார்ச் 21, சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஜோர்டான் முழுவதும் சைரன் ஒலித்து ஊரடங்கு தொடங்கியது. அதற்கு நான்கு நாள் முன்பு, 1992ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தை அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. பல்கலைக்கழகங்கள் அதற்கும் முன்பே கதவை மூடிவிட்டன. அம்மானில் 1962 முதல் இயங்கும் ஜோர்டான் பல்கலைக்கழகம், இர்பிதில் 1976இல் தொடங்கிய யர்மூக் பல்கலைக்கழகம், 1986இல் உருவான அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று எல்லாமே செமஸ்டரின் நடுவில் இணையத்துக்கு மாறின. பாடமும் தேர்வும் மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளம், டீம்ஸ், ஸூம் வழியாக நடந்தன.

நாளெல்லாம் கையில் போனோடு இருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இது பெரிய சிரமமாக இருக்காது என்று பலர் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். அரபு நாடுகளின் கல்வி ஆய்வுகளில் அந்த ஆண்டுக்குப் பிறகு இரண்டு சொற்கள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, தொழில்நுட்பத் தன்னம்பிக்கை: ஒரு கருவியைக் கொண்டு குறிப்பிட்ட வேலையை முடிக்க முடியும் என்று மாணவர் தன்னைப் பற்றி நம்பும் அளவு. மற்றொன்று மைண்ட்ஃபுல்னெஸ்: இந்த நேரத்தில் செய்யும் வேலையிலேயே கவனத்தை வைத்திருக்கும் திறன். இங்கே அதைக் கவன விழிப்பு என்போம். இரண்டும் அதிகமாக உள்ள மாணவர் இணையவழியில் நன்றாகப் படிக்கிறார் என்ற முடிவோடு பல கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. அதில் தவறில்லை, ஆனால் ஆசிரியருக்கு அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டும் மாணவரிடம் பிறவியிலேயே இருக்கும் குணங்கள் போலப் பேசப்படுகின்றன. உண்மையில் இரண்டும் பெரும்பாலும் தேர்வின் அமைப்பிலும், கீபோர்டிலும், டேட்டா பேக்கிலும்தான் கூடுகின்றன, குறைகின்றன.

இரண்டையும் இணைக்கும் முடிச்சு

தன்னம்பிக்கை பற்றிய இந்தக் கோட்பாட்டை 1977இல் முன்வைத்தவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்றார் அவர்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. முதலாவதே வலுவானது. ஊக்கப்பேச்சின் பலன் சீக்கிரம் வடிந்துவிடும். எந்தப் பல்கலைக்கழகத்திலும் மலிவாகக் கிடைப்பது அதுதான் என்பது வேறு விஷயம்.

நமக்கு வேண்டிய முடிச்சு நான்காவதில் இருக்கிறது. தேர்வின் நடுவில் திரை உறைகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஒரு மாணவர் அந்தப் படபடப்பை 'எனக்கு இது வராது' என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர் 'நெட் போய்விட்டது, அதனால் படபடக்கிறது' என்று கவனித்துவிட்டு ரௌட்டரைப் பார்க்கப் போகிறார். இருவருக்கும் இதயத் துடிப்பு ஒன்றே. கவன விழிப்பு செய்யும் வேலை இந்த இடத்தில்தான்: உடலின் எச்சரிக்கையைத் திறமைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் தடுக்கிறது. ஆனால் மீண்டும் நுழைவதற்கான வழியே தெரியாதவர் எவ்வளவு நிதானமாக மூச்சு விட்டாலும் தேர்வை முடிக்கப் போவதில்லை. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கை பழக வேண்டும், பிறகு மனப்பயிற்சி. நிர்வாகங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. தேர்வு முறையைத் திருத்தாமல் மன அழுத்தப் பயிலரங்கு நடத்துவது, பழுதை இயந்திரத்தில் விட்டுவிட்டு மாணவரைச் சரிசெய்யப் பார்ப்பது.

அளக்கும்போதே வரும் கோளாறுகள்

கணினித் தன்னம்பிக்கைக்கு அதிகம் எடுத்தாளப்படும் அளவுகோல் கம்போ, ஹிக்கின்ஸ் இருவரும் 1995இல் வெளியிட்டது. அதில் 10 கூற்றுகள். முன்பின் பார்த்திராத ஒரு மென்பொருளை யாரும் சொல்லித் தராமலே பயன்படுத்துவீர்களா என்கிற பாணியில் அவை போகும். இப்படிப் பொதுவாகக் கேட்டால் அரபு மாணவரிடமிருந்து உயர்ந்த மதிப்பெண்தான் வரும். வாட்ஸ்அப், ஸ்னாப்சாட், இன்ஸ்டாகிராம் எல்லாம் அவருக்குக் கை வந்தவை. அதே மாணவருக்கு ஆறு பக்க விடைத்தாளை ஒரே பிடிஎஃப் ஆக்கி, அளவு வரம்புக்குள் சுருக்கி, நேரத்துக்குள் ஏற்றத் தெரியாமல் இருக்கலாம். நம்பிக்கை வேலைக்கு வேலை மாறும் என்பதைப் பண்டூராவே வலியுறுத்தினார். 2006இல் அவர் எழுதிய வழிகாட்டியில் ஒவ்வொரு வேலைக்கும் 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக மதிப்பிடச் சொல்கிறார்.

அதன்படி ஜோர்டான் சூழலுக்குக் கேள்விகளை இப்படி அமைக்கலாம்: 'தேர்வின் நடுவே வைஃபை போனால், போன் டேட்டாவுக்கு மாறி 3 நிமிடத்துக்குள் அதே தேர்வுக்குத் திரும்ப முடியும்.' 'அரபும் ஆங்கிலமும் கலந்த விடையை வரி புரளாமல் தட்டச்சு செய்ய முடியும்.' 'ஏற்றிய கோப்பு உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்க முடியும்.' இப்படி எட்டு, பத்துக் கூற்றுகள் போதும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். 'முடியும்' என்றுதான் கேட்க வேண்டும். 'விரும்புகிறேன்' என்று கேட்டால் வேறொன்றை அளந்துவிடுவோம்.

கவன விழிப்புக்குப் பிரவுனும் ரயனும் 2003இல் வெளியிட்ட 15 கூற்று அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. அதில் எல்லாக் கூற்றும் கவனக்குறைவைப் பற்றியவை. 'ஏறக்குறைய எப்போதும்' என்பதற்கு 1, 'ஏறக்குறைய ஒருபோதும் இல்லை' என்பதற்கு 6. அதாவது கூடுதல் மதிப்பெண் என்றால் கூடுதல் விழிப்பு. இங்கே ஒரு தொல்லை காத்திருக்கிறது. அரபு இடைமுகத்தில் பக்கம் வலமிருந்து இடமாக ஓடும். அளவுகோலின் 1 வலப்பக்கம் போய்விடும். ஆங்கில இடைமுகம் வைத்திருக்கும் மாணவருக்கு அதே 1 இடப்பக்கம். முனைகளில் எழுதிய சொற்களைப் படமாகவோ தனிப் பத்தியாகவோ போட்டிருந்தால், சொல் ஒரு பக்கமும் எண் மறுபக்கமுமாக நிற்கும். படிவத்தை அனுப்பும் முன் ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு ஐபோன் இரண்டிலும், அரபு, ஆங்கிலம் என இரண்டு மொழி அமைப்பிலும், மொத்தம் நான்கு முறை திறந்து பார்த்துவிட வேண்டும். எண்ணை மட்டும் தராமல் ஒவ்வொரு தெரிவையும் முழுச் சொல்லாக, மேலிருந்து கீழாக அடுக்குவது இன்னும் பாதுகாப்பு.

பாடம் எடுக்கும் ஆசிரியரே சுட்டியை அனுப்பினால், 'சார் பார்ப்பார்' என்ற எண்ணத்தில் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள். தன்னம்பிக்கை, கவனம், பாடத்தில் திருப்தி மூன்றையும் ஒரே நாளில், ஒரே படிவத்தில், ஒரே ஆளிடம் கேட்டால் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து உயரும். அன்றைய மனநிலைகூட அதற்குப் போதும். இந்தத் தொடர்புகளைக் கணக்கிடும் புள்ளியியல் முறையான கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் இந்தக் குறை தீராது. கேள்விகளை இரண்டு வார இடைவெளியில் பிரித்துக் கேட்பதும், மூடுல் பதிவேட்டோடு ஒப்பிடுவதும்தான் வழி. எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை முறை வெளியேறி நுழைந்தார், கடைசி நிமிடத்தில் ஏற்றினாரா என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

கழித்தல் குறியும் கிழக்கு இலக்கமும்

நம்பிக்கை உடையும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முதலாண்டுக் கணிதத் தேர்வு. பக்கம் அரபு அமைப்பில், வலமிருந்து இடமாக இருக்கிறது. விடை −5. மாணவர் முதலில் கழித்தல் குறி, பிறகு 5 என்று சரியாகத்தான் தட்டுகிறார். வலமிருந்து இடமாக ஓடும் பெட்டியில் முதலில் தட்டிய குறி வலப்பக்கமும் எண் அதற்கு இடப்பக்கமும் உட்கார, திரையில் 5− என்று தெரிகிறது. தப்பாகிவிட்டது என்று அழித்துவிட்டு முதலில் 5, பிறகு குறி என்று தட்டுகிறார். இப்போது கண்ணுக்குச் சரியாக −5 தெரிகிறது. உள்ளே சேமிக்கப்பட்டதோ '5−'. மதிப்பெண் பூஜ்யம். கணக்கும் தெரியும், கருவியும் தெரியும், கவனமாகத் திருத்தவும் செய்தார். அந்தத் திருத்தமே அவரைக் கவிழ்த்தது.

இலக்கங்களிலும் இதே கதை. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியாவில் 0 முதல் 9 வரை நாம் எழுதும் இலக்கங்களே புழங்குகின்றன. எகிப்து, ஈராக், சவூதி, ஜோர்டான் பக்கம் வேறு உருவம் கொண்ட கிழக்கு அரபு இலக்கங்களும் உண்டு. போனின் அரபு கீபோர்டு பல நேரம் அவற்றைத்தான் தரும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே எண். கணினி எழுத்துகளை அடையாளம் காணும் யூனிகோடு பட்டியலில் இரண்டுக்கும் வேறு வேறு இடம். மூடுலின் எண்-விடைக் கேள்வி 0–9ஐத்தான் எண்ணாகப் படிக்கும். குறுவிடைக் கேள்வியும் ஆசிரியர் கொடுத்த எழுத்துகளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறது. அரபில் அலிஃப் எழுத்தின் மேல் ஹம்சா போட்டும் போடாமலும் எழுதுகிறார்கள். சொல்லின் கடைசியில் வரும் தா மர்பூத்தாவுக்குப் பதிலாக ஹா தட்டுவது அன்றாடப் பழக்கம். கடைசி யாவும் அலிஃப் மக்ஸூராவும் அடிக்கடி இடம் மாறும். படிக்கும் மனிதர் எவரும் இதைத் தவறென்று சொல்ல மாட்டார். ஒப்பிடும் நிரல் சொல்லும்.

தீர்வு மூன்று இடத்தில் இருக்கிறது. கணக்குத் தேர்வு உள்ள பாடத்தின் அமைப்புகளில் மொழியைக் கட்டாயமாக ஆங்கிலமாக்கினால் பெட்டியின் திசை இடமிருந்து வலமாகிவிடும். கேள்வியின் உரை அரபிலேயே இருக்கலாம். குறுவிடைக்கு ஒவ்வொரு எழுத்து வடிவத்தையும் தனி விடையாக 100% மதிப்பெண்ணோடு சேர்க்க வேண்டும். ஒரு சொல்லுக்கு மூன்று, நான்கு வடிவம் வரும், சலிப்பான வேலைதான். இயன்றவரை அதைத் தெரிவு வினாவாக மாற்றிவிடுவது நல்லது. கடைசியாக, மதிப்பெண் வெளியாகும் முன் தானியங்கி பூஜ்யம் போட்ட விடைகளை ஒருவர் கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். 200 பேர், 5 குறுவிடை என்றால் 1,000 விடை. அவற்றில் பூஜ்யம் பெற்றவை மட்டும் என்றால் ஒரு மாலை வேலை.

பள்ளியில் அரபு வழி படித்துவிட்டு மருத்துவம், பொறியியல், அறிவியல் பிரிவுகளில் திடீரென்று ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புரியாதது பாடமா, மொழியா, திரையா என்று முதல் செமஸ்டரில் அவர்களுக்கே தெரியாது. மூன்றையும் 'நான் கம்ப்யூட்டரில் மட்டம்' என்ற ஒரே பெட்டியில் போட்டுக்கொள்கிறார்கள்.

டேட்டா, மின்சாரம், கடைசி ஐந்து நிமிடம்

ஜோர்டானில் ஒரு மாணவர் செமஸ்டருக்குப் பொதுவாக 15 கிரெடிட் மணி எடுக்கிறார், அதாவது வாரம் 15 மணி நேர வகுப்பு. வீடியோ ஓடும் வகுப்பு நொடிக்கு 600 கிலோபிட் இழுப்பதாக வைத்தால் மணிக்கு 270 எம்பி. வாரத்துக்கு 4 ஜிபிக்குச் சற்று மேல். 16 வாரத்துக்கு ஏறக்குறைய 65 ஜிபி. குரலும் திரைப்பகிர்வும் மட்டும் என்றால் நொடிக்கு 155 கிலோபிட் அளவில் முடியும். மணிக்கு 70 எம்பி, வாரத்துக்கு 1 ஜிபி. கேமராவை அணைக்கச் சொல்வது ஒழுங்கீனத்துக்கு இடம் கொடுப்பதாகப் பார்க்கும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். வீட்டில் ஒரே ரௌட்டரில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்றால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

விடைத்தாளை ஏற்றுவது இதைவிடக் கூர்மையான முனை. போன் கேமராவில் எடுத்த ஒரு பக்கம் 4 எம்பி. 6 பக்கம் 24 எம்பி. மேலேற்றும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்றால் 192 நொடி, அதாவது 3 நிமிடத்துக்கு மேல். நடுவில் ஒரு அழைப்பு வந்து உலாவி பின்னணிக்குப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதே பக்கங்களை ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் பக்கத்துக்கு 300 கேபி. 6 பக்கமும் 1.8 எம்பி, 15 நொடிக்குள் போய்விடும். இந்த ஒரு வித்தையைத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவில் தேர்வின் கடைசி ஐந்து நிமிடம் இரண்டு வேறு உலகம். தெரியாதவரின் பதற்றத்தைக் கவனக்குறைவு என்று எழுதிவைத்தால் அளவீடு பொய் சொல்கிறது.

நாட்டுக்கு நாடு முட்டுக்கட்டை வேறு. லெபனானில் 2021இல் அரசு மின்சாரம் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. மற்ற நேரம் தெருவின் தனியார் ஜெனரேட்டர் சந்தாதான் கதி. ஈராக்கில் பள்ளிப் பொதுத்தேர்வில் வினாத்தாள் கசியாமலிருக்க நாடு முழுவதும் விடியற்காலையில் சில மணி நேரம் இணையத்தையே நிறுத்துகிறார்கள். அந்த நாளில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இரவோடு இரவாக வேலையை முடித்து ஏற்ற நினைத்தால் மாட்டிக்கொள்வார். ஜோர்டானின் ஸாத்தரி அகதி முகாமில் 2017இல் 12.9 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்த பிறகுதான் மின்சாரம் நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் ஆனது. வளைகுடா நாடுகளில் கருவிக்கும் வேகத்துக்கும் குறைவில்லை. அங்கே சிக்கல் வேறு பக்கம் திரும்புகிறது.

கேமரா, குடும்பம், வாட்ஸ்அப் குழு

பெண்கள் வீட்டில் இருக்கும் உடையில், பின்னால் அம்மாவும் தங்கையும் நடமாடும் அறையில், கேமராவைப் போடு என்று சொல்வது அரபு வீடுகளில் சின்ன விஷயமில்லை. ஹிஜாபை எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டே பாடம் கேட்கும் மாணவியின் கவனத்தில் பாதி கதவின் மேல்தான் இருக்கும். முகத்திரை அணிபவரிடம் தேர்வுக்கு அடையாளம் காட்டச் சொல்லும்போது அதை ஒரு பெண் அலுவலர் தனி அறையில் செய்து முடிக்க ஏற்பாடு வேண்டும். பதிவு செய்யப்படும் பொது அறையில் அது நடக்கக் கூடாது. தேர்வுக்கு முந்தைய நாளே இதை முடித்துவிட்டால் அன்று காலை ஒரு பதற்றம் குறையும்.

கவனத்தை அதிகம் தின்பது வகுப்பின் வாட்ஸ்அப் குழு. பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'சார் என்ன சொன்னார்?', 'நெட் யாருக்கு வருது?', 'ஹாஜர் (வருகைப்பதிவு) போட்டாச்சா?' என்று ஓடும். அதை அணைக்கச் சொன்னால் அணைக்க மாட்டார்கள். காரணம் எளிது: தேர்வு தேதி மாறினால் அங்கேதான் முதலில் தெரிகிறது. அதிகாரப்பூர்வ அறிவிப்பு மூடுலில் தாமதமாக வரும் வரை அந்தக் குழுவைத் திறந்து வைத்திருப்பதே அறிவான செயல். அறிவிப்புகள் தினமும் குறித்த ஒரு நேரத்தில், ஒரே இடத்தில் வரும் என்று உறுதி செய்து, அதை இரண்டு வாரம் பிசகாமல் கடைப்பிடித்த பிறகு அணைக்கச் சொல்லலாம்.

பதிவு செய்த பாடங்களுக்கு நீளம் முக்கியம். 2014இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை ஆராய்ந்தபோது, சுமார் 6 நிமிடத்துக்கு மேல் எந்த வீடியோவிலும் பார்வையாளர் அதிகம் தங்கவில்லை என்று தெரிந்தது. அரபு மொழியில் இலவசப் பாடங்கள் தரும் இத்ராக் தளமும் அதே மென்பொருளில் 2014இல் தொடங்கியதுதான். 50 நிமிட விரிவுரையை அப்படியே பதிவேற்றிவிட்டு மாணவருக்குக் கவனம் இல்லை என்பது நியாயமில்லை.

பயிற்சியை எப்படி அமைப்பது

ஜான் கபாட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய கவன விழிப்புப் பயிற்சி 8 வாரம். வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் நாள்தோறும் 45 நிமிடம். அதைச் செமஸ்டருக்குள் திணிக்க முடியாது. மூன்று நிமிட மூச்சு இடைவெளி என்ற சிறு பயிற்சி, பிற்பாடு மனச்சோர்வு சிகிச்சைக்காக உருவான வடிவத்திலிருந்து வருகிறது: இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது, மூச்சில் கவனத்தைக் குவிப்பது, பிறகு அதை உடல் முழுவதற்கும் விரிப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். இது போதும்.

இதைப் பௌத்தத்தின் சரக்கு என்று சந்தேகமாகப் பார்க்கும் மாணவர்கள் உண்டு. தொழுகையில் மனம் ஒன்றும் குஷூ, தன்னைத் தானே கண்காணிக்கும் முராகபா ஆகியவற்றோடு ஒப்பிட்டு உடனே பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. முராகபாவைப் பற்றி இமாம் கஸ்ஸாலி ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதியிருக்கிறார். ஆசிரியர் இரண்டு பக்கமும் சாயாமல், தேர்வுக்கு உதவும் கவனப் பயிற்சி என்று மட்டும் சொல்லி, விருப்பமுள்ளவர் செய்யட்டும் என்று விடுவதே நல்லது. வகுப்பில் கிறிஸ்தவ மாணவர்களும் இருப்பார்கள். சிரியா, ஈராக், காஸாவிலிருந்து வந்தவர்கள் இருக்கும் வகுப்பில் கண்ணை மூடச் சொல்லக் கூடாது. உடலுக்குள் கவனத்தைத் திருப்பும் நீண்ட பயிற்சியும் வேண்டாம். போரைக் கண்டவர்களுக்கு அது பழைய காட்சிகளைக் கிளறக்கூடும். கண் திறந்தபடி, தரையில் படும் பாதத்தையோ அறையில் கேட்கும் ஒரு ஒலியையோ பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும். பயிற்சியைப் பேச்சு அரபில் சொல்ல வேண்டும். செய்தி வாசிக்கும் அரபில் சொன்னால் வகுப்பு விறைத்துக்கொள்ளும்.

வாரங்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் 0–100 படிவம். யார் எந்த வேலையில் 40க்குக் கீழே என்று பட்டியல். இரண்டாம் வாரம் மதிப்பெண் இல்லாத 15 நிமிடத் தேர்வு. ஐந்தாவது நிமிடத்தில் எல்லோரும் போனை ஃபிளைட் மோடில் போட்டு, ஒரு நிமிடம் கழித்து எடுத்து, மீண்டும் நுழைய வேண்டும். மூடுல் தேர்வு விடைகளை வழக்கமான அமைப்பில் ஒரு நிமிடத்துக்கொரு முறை தானாகச் சேமிக்கும் என்பதை அவர்கள் அங்கே கண்ணால் பார்க்கிறார்கள். 'உன் விடை போகாது' என்று பத்து முறை சொல்வதைவிட இது வேலை செய்யும். மூன்றாம் வாரம் தட்டச்சும் கழித்தல் குறியும். நான்காம் வாரம் ஸ்கேன் செய்து ஏற்றுவது. அதைச் செய்து காட்டுபவர் கணினித் துறை ஆளாக இருக்கக் கூடாது. வட ஜோர்டானின் மஃப்ரக்கிலோ இர்பிதிலோ இருக்கும், அதே விலைப் போன் வைத்திருக்கும், போன முறை தடுமாறிய மாணவியாக இருந்தால் 'இவளால் முடிந்தால்' என்ற எண்ணம் பிறக்கும்.

மூச்சு இடைவெளியை ஐந்தாம் வாரம்தான் சேர்க்க வேண்டும், அதுவும் இரண்டு குறிப்பிட்ட இடங்களில்: தேர்வைத் திறக்கும் முன் மூன்று நிமிடம், இணைப்பு அறுந்து மீண்டும் வந்ததும் 20 நொடி. இரண்டாவது முழுப் பயிற்சி அல்ல. இரண்டு மெதுவான வெளிமூச்சு, பிறகு 'எந்தக் கேள்வியில் இருந்தேன்?' என்ற ஒரு கேள்வி. ஆறாம் வாரம் எல்லாம் சேர்ந்த ஒத்திகை. ரமலான் இதற்குள் விழுந்தால் ஒத்திகையை இஃப்தாருக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வைக்க வேண்டாம். லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்) தொழுகை நேரத்துக்கு நேர் மேலேயும் வேண்டாம்.

எச்சரிக்கையாகக் கவனிக்க வேண்டியவர் தயங்கும் மாணவர் மட்டுமல்ல. தன்னம்பிக்கை 90, கவன விழிப்பு குறைவு என்று வரும் மாணவர் வேறு வகை ஆபத்து. கேள்வியை முழுதும் படிக்காமல் சொடுக்குவார், பின்னால் போக முடியாத வரிசைமுறைத் தேர்வில் வேகமாக நகர்ந்து மாட்டிக்கொள்வார், ஏற்றிய கோப்பைத் திறந்து பார்க்காமல் போன வாரத்து வீட்டுப்பாடத்தை அனுப்பிவிட்டு மூடிவிடுவார். சராசரியில் இவர் நல்ல மாணவர் போலத் தெரிவார். பதிவேட்டில்தான் அகப்படுவார்: 40 நிமிடத் தேர்வு 11 நிமிடத்தில் முடிந்திருக்கும். இவருக்கு நம்பிக்கைப் பயிற்சி தேவையே இல்லை. 'அனுப்பு' பொத்தானுக்கு முன் ஒரு சரிபார்ப்புப் பக்கம் வைத்தால் போதும்.

ஆசிரியர் மாற்ற வேண்டிய அமைப்புகள்

நேரம் முடிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மூடுலில் மூன்று தெரிவுகள் உண்டு: திறந்திருக்கும் முயற்சி தானாகச் சமர்ப்பிக்கப்படும், சலுகை நேரம் தரப்படும், அல்லது நேரத்துக்குள் சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் சேராது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருக்கும் பாடங்களில்தான் அழுகையும் புகாரும் அதிகம். முதலாவதை வைத்தால், இணைப்பு அறுந்தவருக்கும் சேமித்த வரை மதிப்பெண் உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்தால் பக்கம் மாறும்போதும் விடை சேமிக்கப்படும். ஆனால் 40 கேள்விக்கு 40 முறை பக்கம் திறக்க வேண்டும், மெதுவான இணைப்பில் அது கொல்லும். பக்கத்துக்கு நான்கைந்து கேள்வி நடுவழி. வரிசைமுறை வழிசெலுத்தலை அணைத்துவிடலாம். காப்பியைத் தடுக்க அதைவிட வினாத்தொகுப்பிலிருந்து குலுக்கல் முறையில் எடுப்பது நல்ல வழி.

தேர்வு முடியும் வரை வேறு எதையும் திறக்க விடாத பூட்டும் உலாவி வைத்துத் தேர்வு நடத்த நினைப்பவர்கள் முதலில் வகுப்பின் கருவிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். திறந்த மூலத்தில் கிடைக்கும் சேஃப் எக்ஸாம் பிரௌசர் விண்டோஸ், மேக், ஐபோன், ஐபேடில் ஓடும், ஆண்ட்ராய்டில் ஓடாது. வகுப்பில் பத்துப் பேர் ஆண்ட்ராய்டு போனை மட்டும் நம்பியிருந்தால், அந்தப் பத்துப் பேருக்கும் வளாகக் கணினிக்கூடத்தில் இடம் ஒதுக்காமல் அதை இயக்கக் கூடாது. கூடுதல் நேரம் தேவைப்படுவோருக்குத் தனிநபர் மாற்றம் என்ற வசதியில் பெயர் வாரியாக முதல் நாளே நேரத்தைக் கூட்டி வைக்கலாம். தேர்வு நடக்கும்போது வாட்ஸ்அப்பில் கெஞ்ச வைக்க வேண்டியதில்லை. உதவிக்கு ஒரே ஒரு எண் தந்து, அதற்கு வரும் செய்தியில் மாணவர் எண், கேள்வி எண், ஸ்க்ரீன்ஷாட் மூன்றும் இருக்க வேண்டும் என்று ஒத்திகையிலேயே பழக்கிவிட்டால் பதில் சொல்பவரும் பதறாமல் இருப்பார்.

தேர்வு முடிந்த நான்கு வாரம் கழித்து அதே 0–100 படிவத்தை மறுபடியும் கொடுக்க வேண்டும், மதிப்பெண் வெளியாவதற்கு முந்தைய நாளில் வேண்டாம். முதல் படிவத்தில் 40க்குக் கீழே இருந்தவர்களின் எண்களை மட்டும் தனியாக எடுத்து, பதிவேட்டில் அவர்கள் மீண்டும் நுழைய எடுத்துக்கொண்ட நேரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நம்பிக்கை கூடியும் நுழையும் நேரம் குறையவில்லை என்றால் பயிற்சி பேச்சோடு நின்றுவிட்டது. இரண்டாம் வாரத்து ஃபிளைட் மோட் ஒத்திகையை இன்னொரு முறை நடத்த வேண்டும்.